நாயும் காவலும் (வரலாற்றுத் தொடர் – 11): சப்பை மூக்கனுக்குக் கிடைத்த சீருடை

போன அத்தியாயத்தில் பார்த்த டாபர்மேன், கள்வனையும் ரௌடியையும் மனதில் வைத்தே ஒரு மனிதர் வளர்த்தெடுத்த நாய். பாக்ஸர் கதை வேறு. அதை உருவாக்கியவர்களில் ஒருவருக்கும் போலீஸ் நினைப்பே இல்லை. ஜெர்மனியின் ம்யூனிக் நகரத்தில், கசாப்புக் கடைகளின் பின்கட்டிலும் மாட்டுத் தரகர்களின் வாசலிலும் கிடந்த நாய் அது. சீருடை அதைத் தேடி வந்தது. வந்த வேகத்திலேயே திரும்பியும் போய்விட்டது. ஆனால் அந்தச் சீருடைக்காகப் போட்ட சட்டங்கள் நூறு ஆண்டுக்குப் பிறகும் அந்த நாயின் தோலில் இருக்கின்றன.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். ஜெர்மன் சிற்றரசர்கள் காட்டுப்பன்றியும் கரடியும் வேட்டையாடிய காலத்தில், அவர்களிடம் இரண்டு வகை நாய்கள் இருந்தன. ஒன்று துரத்துவதற்கு. மற்றொன்று பிடிப்பதற்கு. இரண்டாவது வகைக்கு புல்லன்பைசர் என்று பெயர். மெலிந்த கால் நாய்கள் விரட்டிக் களைக்க வைத்த பன்றியின் மேல் பாய்ந்து, காதிலோ கன்னத்திலோ கவ்விக்கொண்டு தொங்க வேண்டும். ஈட்டியோடு வேட்டைக்காரர் வந்து சேரும்வரை விடக்கூடாது. அந்த நாயின் முகமே இந்த வேலைக்கு ஏற்றபடி அமைந்தது. அகலமான வாய். மேல்தாடையைத் தாண்டி முன்னால் நீட்டிய கீழ்த்தாடை. மூக்குத் துளைகள் பின்வாங்கி மேல்நோக்கி இருப்பதால், வாய் நிறையக் கவ்வியிருக்கும்போதும் மூச்சு விடலாம். பன்றிக்கும் கரடிக்கும் பிடி கிடைக்காதபடி காதைச் சிறுவயதிலேயே நறுக்கிவிடுவார்கள்.

கொல்வது அதன் வேலை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிடித்து நிறுத்துவதும், ஆள் வரும்வரை காத்திருப்பதும்தான் வேலை. பின்னாளில் போலீஸ்காரர்கள் இந்த நாயைத் திரும்பிப் பார்த்ததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

நெப்போலியன் போர்கள் ஐரோப்பாவின் சிற்றரசுகளைப் புரட்டிப் போட்டன. பண்ணைகள் உடைந்தன, வேட்டைக் கூட்டங்கள் கலைந்தன. வேலையிழந்த புல்லன்பைசர்களைக் கசாப்புக்காரர்களும் மாட்டு வியாபாரிகளும் வைத்துக்கொண்டார்கள். முரண்டு பிடிக்கும் காளையை மூக்கில் கவ்வி நிறுத்த அது உதவியது. அரண்மனை நாய் இப்படிச் சந்தை நாயானது. 1830 வாக்கில் இங்கிலாந்திலிருந்து புல்டாக்குகள் வரத் தொடங்கின. அன்றைய புல்டாக் இன்று படத்தில் பார்க்கும் குட்டையான, மூச்சிரைக்கும் உருவம் அல்ல. கால் நீண்ட, சுறுசுறுப்பான நாய். இரண்டும் கலந்தன. வெள்ளை நிறம் வந்தது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ம்யூனிக்கைச் சேர்ந்த கேயோர்க் ஆல்ட் என்பவர் பிரான்ஸிலிருந்து ஃப்ளோரா என்ற வரிப்போட்ட பெட்டையை வாங்கி வந்தார். அவளுடைய வம்சத்தோடு டாம் என்ற புல்டாக் சேர்ந்ததில் பிறந்தவன் ஃப்ளோக்கி. 1895ல் ம்யூனிக்கில் நடந்த நாய்க் கண்காட்சியில் முதன்முதலாகப் பாக்ஸர்களுக்கென்று இடம் ஒதுக்கினார்கள். ஃப்ளோக்கி அங்கே மேடையேறி, இனப் பதிவேட்டில் முதல் எண்ணைப் பெற்றான். ஃப்ரீட்ரிஷ் ராபர்ட், எலார்ட் கோனிக், ஹோப்னர் என்ற மூவர் முன்னின்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1904ல் இனத்துக்கான இலக்கணம் அச்சில் வந்தது. நடுவில் நடந்த சண்டைகளையும் பிளவுகளையும் தள்ளிவிட்டுப் போகலாம். நாய்ச் சங்கங்களின் சண்டைகள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

தள்ளிவிட்டுப் போக முடியாத ஒருத்தி மேட்டா ஃபான் டேர் பாஸாஜ். 1898ல் பிறந்த பெட்டை. இன்று உலகில் இருக்கும் எந்தப் பாக்ஸரின் வம்சத்தைப் பின்னோக்கித் தேடினாலும் பெரும்பாலும் இவளிடம் போய் நிற்கும். அழகுப் போட்டிக்கு ஏற்றவள் அல்ல. உடற்கட்டில் பிற்காலத்தவர் பல குறைகள் சொன்னார்கள். ஆனால் ஈன்ற குட்டிகளெல்லாம் சோடை போகவில்லை. இவளுடைய தாய் பிளாங்கா பால்வெள்ளை. மேட்டாவும் வெள்ளை உடம்பில் அங்கங்கே திட்டுகள் கொண்ட மறை நாய். இந்த நிறத்தை நினைவில் வையுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

இதே ஆண்டுகளில்தான் நகரத்துப் போலீஸ் நாய்களின் பக்கம் திரும்பியது. பெல்ஜியத்தின் கெண்ட் நகரம் 1899ல் இரவு ரோந்துக்கு நாய்களை முறையாக இறக்கியதை இத்தொடரில் முன்பே பார்த்தோம். ஜெர்மனியிலும் தொழிற்சாலை நகரங்கள் வீங்கிக்கொண்டிருந்தன. இருட்டுத் தெருவில் தனியாக நடக்கும் காவலருக்குத் துணை தேவைப்பட்டது. 1901ல் ஷ்வெல்ம் நகரத்து அதிகாரி ஃபிரான்ஸ் லவுஃபர் ஒரு கிரேட் டேன் நாயோடு ரோந்து போனார். முதலில் எல்லாரும் பெரிய உருவத்தைத்தான் தேடினார்கள். பயமுறுத்தினால் போதும் என்ற எண்ணம். பயமுறுத்தும் நாயைப் பிடித்து வைத்துக்கொள்ளவே இன்னொரு காவலர் வேண்டியிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

புரிய வைத்தவர்களில் முதன்மையானவர் கோன்ராட் மோஸ்ட். 1906ல் சார்புருக்கன் நகரத்துப் போலீஸ் அதிகாரியாக இருந்தபோது நாய் பழக்கும் வேலையில் இறங்கியவர். 1910ல் அவர் எழுதிய கையேடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாய்க்கு மனிதனின் நல்லது கெட்டது தெரியாது. ஒரு செயலுக்குப் பின் உடனே கிடைக்கும் பலன்தான் அதற்குத் தெரியும் என்பது மோஸ்டின் அடிப்படை. பழகு நடத்தை பற்றி அமெரிக்க உளவியலாளர்கள் எலியையும் புறாவையும் வைத்து ஆராய்ந்து சொன்னதை, அவர்களுக்கு முன்பே போலீஸ் மைதானத்தில் நடைமுறையாகச் செய்து பார்த்தவர் அவர். அவருடைய முறையில் வெகுமதியும் உண்டு, கழுத்துப்பட்டையின் சுண்டலும் உண்டு. சுண்டல் சற்று அதிகம். அது பாக்ஸருக்குச் சரிப்பட்டு வருமா என்பது தனிக் கேள்வி.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. ம்யூனிக் பாக்ஸர் சங்கத்தாரிடம் ராணுவம் நாய் கேட்டது. முதல் தவணையில் போனவை பத்து. அதில் ஆறு ஒரே வீட்டு நாய்கள். அந்த வீடு ஃபிலிப் ஸ்டாக்மன், ஃப்ரீடரூன் ஸ்டாக்மன் தம்பதியுடையது. இந்த அத்தியாயம் இவர்களுடையது என்றே சொல்லலாம்.

ஃப்ரீடரூன் அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த ரீகாவைச் சேர்ந்தவர். ஓவியமும் சிற்பமும் படிக்க ம்யூனிக் வந்தவர். படிப்பைவிட நாய் பெரிதாகிப்போனது. சக கலைஞர் ஃபிலிப்பை மணந்தார். ‘ஃபோம் டோம்’ என்ற பெயரில் இருவரும் பாக்ஸர் வளர்க்கத் தொடங்கினார்கள். வசதியான குடும்பமில்லை. அந்தச் சிரமங்களை ஃப்ரீடரூன் தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அவர்கள் 1911ல் வாங்கிய நாய்தான் ரோல்ஃப் ஃபான் ஃபோகல்ஸ்பெர்க். வரிப்போட்ட கடுவன். போரில்லாமல் இருந்திருந்தால் கண்காட்சி மேடைகளிலேயே முதுமை எய்தியிருப்பான்.

போர்க்களத்துக்கு ஃபிலிப்பும் போனார், ரோல்ஃபும் போனான். பாக்ஸர்களுக்கு அங்கே கிடைத்தது காவல் வேலை, செய்தி கொண்டுபோகும் வேலை, முதுகில் சுமை கட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போகும் வேலை. பிடித்து நிறுத்தும் பழைய குணம் கைதிகள் விஷயத்திலும் ஒற்றர்கள் விஷயத்திலும் உதவியது. வீட்டில் ஃப்ரீடரூன் குழந்தையோடும் மீதி நாய்களோடும் பஞ்சத்தைச் சமாளித்தார். ஜெர்மனி முழுவதும் டர்னிப் கிழங்கு தின்று உயிர் பிழைத்த குளிர்காலமும் அந்தப் போரின் நடுவில்தான் வந்தது. வளர்ப்புக்குத் தகுதியான நாய்களைப் பட்டினியிலிருந்து காப்பாற்றி வைத்ததே பெரிய காரியம். அந்த நான்கு வருடம் அவர் கைவிட்டிருந்தால், ஜெர்மனியில் பாக்ஸர் என்ற இனத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. இதே ‘ஃபோம் டோம்’ வீட்டில் பிறந்த டாம்ஃப் என்ற நாய் போருக்குச் சற்று முன் அமெரிக்கா போயிருந்தான். வாங்கியவர் ஹெர்பர்ட் லேமன். பின்னாளில் நியூயார்க் மாநில ஆளுநரானவர். ஜெர்மன் அகழிகளில் அவன் உறவுகள் காவல் நின்ற 1915ஆம் ஆண்டில், டாம்ஃப் அமெரிக்காவின் முதல் பாக்ஸர் சாம்பியன் ஆனான்.

ரோல்ஃப் உயிரோடு திரும்பினான். நான்கு வருடப் போருக்குப் பிறகு, பதினோரு வயதில், மறுபடி கண்காட்சி வளையத்தில் நின்று ஐந்தாவது பட்டத்தை வென்றான். பாக்ஸரின் ஆயுளே பத்துப் பன்னிரண்டு வருடம்தான். நடுவர்கள் அந்தக் கிழவனின் உடற்கட்டைப் பார்த்தார்களா, போரில் இருந்து வந்தவன் என்ற மரியாதையைப் பார்த்தார்களா என்று சந்தேகப்படலாம். நான் அந்த நடுவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

போர் கொடுத்த நற்பெயரோடு 1920களின் நடுவில் பாக்ஸருக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. ஜெர்மன் ஷெப்பர்டு, டாபர்மேன், ஏர்டேல், ரோட்வைலர் ஆகியவை உட்கார்ந்திருந்த பணிநாய் வரிசையில் பாக்ஸரும் ஏறியது. அதே காலகட்டத்தில்தான், 1925ல், நிறம் பற்றிய கதவு சாத்தப்பட்டது. செவலையும் வரியும் மட்டும் பாக்ஸரின் நிறம். வெள்ளை கூடாது, மறை கூடாது, கறுப்பும் கூடாது. உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை இருந்தால் பதிவு கிடையாது. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் நியாயம் போலீஸ் வேலைதான். இருட்டில் வெள்ளை நாய் கள்வன் கண்ணுக்கு முதலில் தெரிந்துவிடும். கறுப்பை எதற்கு விலக்கினார்கள் என்று கேட்டால் இந்த நியாயம் நொண்டுகிறது. அங்கே வேறு கணக்குகள் இருந்திருக்க வேண்டும்.

இப்போது மேட்டாவை நினைத்துப் பாருங்கள். மொத்த இனத்துக்கும் பாட்டி. அந்தச் சட்டப்படி அவளுக்கே பதிவு கிடைத்திருக்காது.

சட்டம் போட்டால் மரபணு கேட்குமா? நெஞ்சிலும் காலிலும் பளிச்சென்று வெள்ளை போட்ட பாக்ஸர்தான் மேடையில் எடுபடும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால், ஈற்றில் சராசரியாக நாலில் ஒன்று முழு வெள்ளையாகப் பிறக்கும். அழகு என்று மனிதன் விரும்பியதே தடைசெய்த நிறத்தைக் குட்டி குட்டியாகப் பெற்றுக்கொடுத்தது. பல பத்தாண்டுகள் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெள்ளைக் குட்டிகளைப் பிறந்த அன்றே கொன்றார்கள். வெள்ளைக் குட்டிகளில் ஒரு பகுதி காது கேளாமல் பிறக்கும் என்பதும், வெயிலில் அவற்றின் தோல் சீக்கிரம் புண்ணாகும் என்பதும் உண்மைதான். ஆனால் பெரும்பான்மைக் குட்டிகள் நல்ல ஆரோக்கியமானவை. இன்று கொல்லும் வழக்கம் பெரிதும் நின்றுவிட்டது. ரோந்துப் பணியில் பாக்ஸர்கள் அபூர்வமாகிவிட்ட பிறகும், கண்காட்சியில் வெள்ளைக்குத் தடை அப்படியே நீடிக்கிறது.

போலீஸ் வேலை ஏன் கைவிட்டுப் போனது என்பதற்கு வருவோம். தைரியம் போதவில்லை என்று யாரும் சொன்னதில்லை. முதல் சிக்கல் உடம்பு. அந்தச் சப்பை மூக்கு கவ்வுவதற்கு ஏற்றது. கோடையில் ஓடுவதற்கு ஏற்றதல்ல. நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. மூக்குப் பாதை குறுகினால் தணிப்பும் குறையும். (சென்னையிலும் மதுரையிலும் பாக்ஸர் வைத்திருப்பவர்கள் சித்திரை மாதத்தில் விடியுமுன் நடைக்குக் கூட்டிப்போய்த் திரும்பிவிடுவது இதனால்தான். பகல் பத்து மணிக்கு மேல் தார்ச்சாலையில் இழுத்துப்போனால் உயிருக்கே ஆபத்து.) குளிருக்கும் ஆகாது. மேல்முடி குட்டை, உள்முடி கிடையாது. ஜனவரி இரவில் பெர்லின் தெருவில் நான்கு மணி நேரம் ஷெப்பர்டு நிற்கும், பாக்ஸர் நடுங்கும்.

இரண்டாவது சிக்கல் குணம். பாக்ஸர் தாமதமாகத்தான் முதிரும். இரண்டு மூன்று வயது வரை குட்டித்தனம் போகாது. பழக்குநர் சம்பளத்தையும் தீவனச் செலவையும் கணக்குப் பார்க்கும் அரசுத்துறைக்கு, ஒன்றரை வயதில் பணிக்குத் தயாராகும் ஷெப்பர்டே லாபம். பட்டையைச் சுண்டிச் சுண்டிப் பழக்கினால் பாக்ஸர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் என்று பழக்குநர்கள் சொல்வதுண்டு. ஒரே கட்டளையைப் பத்துத் தடவை கொடுத்தால், ஆறாவது தடவை அது தன் சொந்தத் திருத்தம் ஒன்றைச் சேர்க்கும். விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்ளும். போலீஸ் மைதானத்தில் அந்தப் பொறுமைக்கு நேரம் இல்லை. ஷெப்பர்டுகளின் எண்ணிக்கை பெருகப் பெருக, தேர்ந்தெடுக்க நிறையக் குட்டிகள் கிடைத்தன. நல்லதைத் தேர்வது மேலும் எளிதானது. பின்னாளில் பெல்ஜியத்து மாலினோவா இன நாய் வந்து ஷெப்பர்டின் இடத்தையே அசைத்த கதை இன்னும் சில அத்தியாயங்கள் தள்ளி வரும்.

இதே குணங்களை வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். மூன்று வயது வரை குட்டித்தனம் என்றால் பிள்ளைகளுக்கு மூன்று வருடத் தோழன். ஜெர்மன் இன இலக்கணமே வீட்டாரிடம் சாது, அந்நியரிடம் சந்தேகம், விளையாட்டில் கலகலப்பு, ஆபத்தில் அச்சமின்மை என்றுதான் இந்த நாயை வருணிக்கிறது. யார் வீட்டு ஆள், யார் வெளி ஆள் என்று கட்டளையில்லாமலே பிரித்தறிவது பாக்ஸரின் பலம். அந்தத் தீர்ப்பைத் தானே எடுத்துக்கொள்வதுதான் போலீஸில் அதற்குக் குறையாகப் போனது.

இதற்குச் சான்றாக 1946ஆம் ஆண்டு ஜெருசலேமுக்குப் போகலாம். பாலஸ்தீனம் அப்போது பிரிட்டிஷ் ஆட்சிப் பொறுப்பில். ஜூலை 22ல் கிங் டேவிட் ஹோட்டல் குண்டுவெடிப்பில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். ஊரே கெடுபிடியில் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் இருவர் ஒரு வீட்டில் குடியிருந்தார்கள். அவர்களோடு பஞ்ச், ஜூடி என்று இரண்டு பாக்ஸர்கள். ராணுவ நாய்கள் அல்ல. எந்தப் பள்ளியிலும் பழகாத வீட்டு வளர்ப்புகள்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி இரவு, துப்பாக்கியோடு ஒருவர் ஓசைப்படாமல் அந்த வீட்டை நெருங்கினார். மனிதர்களுக்குத் தெரியவில்லை, நாய்களுக்குத் தெரிந்தது. இரண்டும் குரைத்துக்கொண்டு இருட்டில் பாய்ந்தன. உள்ளே இருந்தவர்களுக்கு வந்திருக்க வேண்டிய குண்டுகளை நாய்கள் வாங்கிக்கொண்டன. பஞ்சுக்கு நான்கு குண்டுக் காயம். ஜூடிக்கு முதுகு நெடுக உரசிப்போன காயம். அதிகாரிகள் தப்பினார்கள். நாய்களும் பிழைத்துக்கொண்டன.

அந்த ஆண்டு நவம்பரில் இரண்டுக்கும் டிக்கின் பதக்கம் கொடுக்கப்பட்டது. விலங்குகளுக்கான விக்டோரியா கிராஸ் என்று சொல்லப்படும் பதக்கம். ஏழைகளின் விலங்குகளுக்கு இலவச மருத்துவம் கிடைக்கச் செய்த மரியா டிக்கின் 1943ல் தொடங்கி வைத்தது. 1949 வரை வழங்கப்பட்ட 54 பதக்கங்களில் 32 புறாக்களுக்குப் போயின. நாய்களுக்கு 18தான். அந்தப் பதினெட்டில் இரண்டு, சீருடையே போடாத இந்தப் பாக்ஸர்களுக்கு.

பதக்கச் சான்று, வந்தவரைப் பயங்கரவாதி என்று எழுதுகிறது. எதிர்த்தரப்பு அவரை வேறு பெயரில் நினைவுகொள்ளும். பேரரசு எழுதிய சான்றிதழ்களைப் படித்து வளர்ந்த நமக்கு இந்த வேறுபாடு புதிதில்லை. பஞ்சுக்கும் ஜூடிக்கும் அந்த வழக்கில் அபிப்பிராயம் எதுவும் இல்லை. வீட்டுக்குள் இருந்தவர்கள் தங்கள் ஆட்கள், அவ்வளவுதான்.

ஸ்டாக்மன் வீட்டுக்குத் திரும்புவோம். 1930களில் பணமுடையால் ஃப்ரீடரூன் தன் சிறந்த நாய்களை ஒவ்வொன்றாக அமெரிக்காவுக்கு விற்றார். சிகுர்ட் போனான். 1937ல் லுஸ்டிக் போனான். அவரே மனமில்லாமல் அனுப்பியது. 1939ல் ஊட்ஸ் போனான். வேறொரு வளர்ப்பாளரிடமிருந்து போன டோரியனும் சேர்ந்து, இந்த நால்வரின் வம்சம்தான் அமெரிக்கப் பாக்ஸர். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ல் ஃபிலிப் இறந்தார். ஃப்ரீடரூன் மறுபடி ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கினார். 1949ல் அமெரிக்க வளர்ப்பாளர்கள் அவரை அழைத்தார்கள். போய்ப் பார்த்தால், கப்பலில் ஏற்றிவிட்ட நாய்களின் பேரக்குட்டிகள் அந்த நாடெங்கும் வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு வருடம் கழித்து, 1951ல், ‘பேங் அவே’ என்ற பாக்ஸர் நியூயார்க் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியின் உச்சப் பரிசை வென்றபோது, ஹாலிவுட் நட்சத்திரம் ஹம்ப்ரி போகார்ட் வீட்டிலும் ஒரு பாக்ஸர் இருந்தது. கசாப்புக் கடைப் பின்கட்டை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

முழுக்க மறக்காத நாடு ஜெர்மனிதான். அங்கே பாக்ஸர் இன்றும் அங்கீகாரம் பெற்ற பணிநாய். தாளில் மட்டுமல்ல, நடைமுறையிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது: குட்டி ஈனும் உரிமை வேண்டுமென்றால், அந்த நாய் வளர்ப்புத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அதில் உடற்கட்டோடு மன உறுதியும் பார்க்கப்படும். எதிரி வேடமிட்ட ஆள் மிரட்டிக்கொண்டு வரும்போது நாய் பின்வாங்குகிறதா, நிற்கிறதா என்று நடுவர் குறித்துக்கொள்வார். 1987ல் அங்கே காது நறுக்கத் தடை வந்தது, 1998ல் வால் வெட்டவும் தடை வந்தது. நிமிர்ந்த கூர்க்காதோடு காவலாளி மாதிரி விறைத்து நின்ற முகம், மடிந்த காதோடு சற்று அசட்டு முகமாக மாறியது. பழைய ஆட்கள் வருத்தப்பட்டார்கள். நாய்க்கு வலி மிச்சம்.

கடைசியாகப் பாக்ஸரைத் தேடி ஒரு அரசாங்க வேலையும் வந்தது, ரோந்துக்கு அல்ல. நாயின் முழு மரபணுத் தொகுதியைப் படிக்கத் திட்டமிட்ட அமெரிக்க விஞ்ஞானிகள், தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு வேறுபாடு குறைந்த ஒரு நாயைத் தேடினார்கள். தேர்வானவள் டாஷா என்ற பெட்டைப் பாக்ஸர். 2005 டிசம்பரில் அவளுடைய மரபணு வரிசை வெளியானது. சுமார் 240 கோடி எழுத்துகள். பாக்ஸர்களை அதிகம் வதைக்கும் புற்றுநோயையும், நடு வயதில் திடீரென்று சரித்துவிடும் இதயத் தசை நோயையும் ஆராய்ந்தவர்கள் அந்த வரிசையைத்தான் முதலில் திறந்தார்கள். நாட்டு நாய், ஓநாய், வேறெந்த இனத்து நாய் பற்றி ஆராய்பவர்களுக்கும் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோலாக இருந்தது அவளுடையதே.

அடுத்த அத்தியாயத்தில் ரோட்வைலர். பாக்ஸருக்கு முன்பே, 1910லேயே போலீஸ் வேலையில் சேர்ந்துவிட்டவர். வரிசைப்படி போன வாரமே வந்திருக்க வேண்டும். அவரும் கசாப்புக் கடையிலிருந்து வந்தவர்தான், ஆனால் கழுத்தில் பணப்பையோடு.